நாலாவது கம்பத்துக் குழாய்

— ...பார்த்து ஏறு டாரல். மூணாவது படி ஆடும்.

— அது எழுபத்தொம்பதுலயே ஆடிச்சு. இன்னும் ஆணி அடிக்கலையா நெவ்? ஊருக்கே ஆணி வித்தவன் நீ!

— கடையைக் குடுத்து ஆறு வருஷம் ஆச்சுடா. அந்த நாற்காலி வேணாம், கால் உடைஞ்சது. பெட்டி மேல உக்காரு.

— அட... இங்கேர்ந்து பார்த்தா ரேஸ் தடம் இவ்வளவு சின்னதா இருக்கே!

— கீழேர்ந்து?

— கீழேர்ந்து எங்க பார்த்தேன்? மண்ணைத்தான் பார்த்தேன். காதுக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம்.

— தண்ணி லாரி ஓட்டறது யாரு, தெரியுதா? உன் பழைய ஜோடி கெவ் ட்ராஸ்க்கோட பேத்தி.

— சொல்லவே வேணாம். வளைவுல அவனை மாதிரியே வெளியே போறா.

— நாளைக்குத் தாத்தா என்ன பண்றான்னு பார்க்கணும். இடுப்பு எலும்பு மாத்தியிருக்கு.

— ஒரே ஒரு சுத்துதானே. பழைய சாம்பியன்களுக்கு மரியாதைச் சுத்து. மெதுவாத்தான் போவான்.

— கெவ்வா?

— ...ஆமா, போகமாட்டான்.

— இரு, ஒரு நிமிஷம். யோவ்! எலெக்ட்ரீஷியன்! நாலாவது கம்பத்துல இருக்கற குழாய் ஸ்பீக்கரைத் திருப்பாதே! அது தோட்டத்தைப் பார்த்தே இருக்கட்டும்! ...அங்க ஜனம் இல்லன்னு எனக்கும் தெரியும்யா. விட்டுடு!

— ஏன் நெவ், மூணு குழாய் ஜனத்தைப் பார்க்குது, அது மட்டும் ஆரஞ்சு மரத்தைப் பார்க்குது?

— ஆரஞ்சுக்கும் ரேஸ் பிடிக்கும்.

— ம்.

— செவ்வாய்க்கிழமை நல்லபடியா நடந்துதுடா. தொண்ணூத்தோரு வயசு மனுஷிக்குச் சர்ச் கொள்ளாத ஜனம்.

— நீ பின்னாடி நின்ன, பார்த்தேன். அம்மாவை அடக்கம் பண்ணிட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். அக்கா முட்டை சாண்ட்விச்சை வச்சுக்கிட்டு உன்னைத் தேடினா.

— லோர்னாகிட்ட சொல்லு... கொஞ்சம் வேலை இருந்தது.

— கடையைக் குடுத்தவனுக்கு என்ன வேலை?

— டீ ஊத்தறேன். ஃப்ளாஸ்க்ல சூடா இருக்கு.

— ஊத்து. இது என்ன, நாளைக்கு மைக்ல வாசிக்கப்போறதா?

— குடுடா. எழுதி முடிக்கலை.

— 'சைடு கார் பிரிவு, எண்பத்தாறாம் வருஷ மாநில சாம்பியன், கெவின் ட்ராஸ்க்.' அவ்வளவுதானா?

— முடிக்கலைன்னு சொன்னேனே.

— முற்றுப்புள்ளி வச்சிருக்கே. நெவ், ஒரு சைடு கார்ல எத்தனை பேர்?

— ஆரம்பிச்சுட்டியா?

— சொல்லுய்யா. எத்தனை பேர்?

— ரெண்டு.

— ஒருத்தன் ஓட்டுவான். அவனுக்கு சீட் உண்டு, பிடிச்சுக்க ஹேண்டில் உண்டு. இன்னொருத்தன் வளைவுல வண்டி கவிழாம உடம்பை வெளியே போட்டுத் தொங்குவான். அவனுக்கு சீட் கிடையாது. பேரும் கிடையாது.

— பேரு வேணாம்னு சொன்னது யாரு? நானா?

— அது எழுபத்தொம்பதுல!

— இதே படியில ஏறி வந்த. இருபது வயசு. மூக்கு நிறைய சேறு. 'மிஸ்டர் பெட்டிஃபர், கமெண்ட்ரில என் பேரைச் சொல்லாதீங்க, அம்மாவுக்குக் கேட்டுடும்'ன்ன.

— கேக்காதா பின்ன? எங்க வீடு அரை மைல். தெக்குக் காத்து அடிச்சா நீ இருமறது கூடக் கேக்கும். நான் பழக் கொட்டகையில ராத்திரி ஷிஃப்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— உங்கப்பா விஷயம் வேற...

— அப்பா நெடுஞ்சாலையில மோட்டார் சைக்கிள்ல போனாரு, திரும்பி வரலை. எனக்கு ஒம்பது வயசு. ரெண்டு சக்கர மோட்டார் வண்டியில ஏறவே மாட்டேன்னு அம்மா சத்தியம் வாங்கிடுச்சு.

— நீ மூணு சக்கரமாப் பார்த்து ஏறிட்ட.

— சத்தியத்தை மீறலை பாரு!

— வக்கீலாப் போயிருக்கணும்டா நீ.

— அன்னிக்கு வேணாம்னேன், சரி. அதுக்காகப் பன்னெண்டு சீசனா? உனக்கென்ன, மேல உக்காந்து பேசற வேலை.

— பேசற வேலையா? நாலு வண்டி, எட்டுத் தலை, ஒரு நிமிஷம். முதல் வளைவு தாண்டினா வெறும் தூசி. ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசணும்.

— தெரிஞ்ச மாதிரி பேசித்தானே கசாப்புக் கடைக்காரர் நாயை மூணாவது இடத்துல ஓட விட்ட?

— தூசிக்குள்ள பழுப்பா ஏதோ ஓடிச்சு...

— 'புது ஆள், பிரமாதமா வர்றான்'ன!

— அன்னிக்கு அதுதான்டா நல்லா ஓடிச்சு.

— அந்துப்பூச்சியை முழுங்கினியே, அது?

— கடைசிச் சுத்து. விளக்குக்கு வந்தது நேரா வாய்க்குள்ள போச்சு. துப்பினா மைக்ல கேக்கும். முழுங்கிட்டேன். கண்ணுல தண்ணி, குரல் தழுதழுக்குது. நான் உருகிட்டேன்னு நினைச்சு ஜனம் எழுந்து நின்னு கை தட்டுது.

— ஹஹ்... அதுக்கு ஒரு வாரம் நீ நடந்த நடை இருக்கே!

— நல்ல ராத்திரின்னா அப்படித்தான் இருக்கும் டாரல். வாய் தன்னாலே பேசும். நான் மூச்சு இழுத்தா ஜனமும் இழுக்கும். மறுநாள் வீட்ல ஒரு வார்த்தை வராது. 'சனிக்கிழமை ஊருக்கெல்லாம் குடுத்துட்டு வந்துடற, எனக்கு மிச்சமே வைக்கறதில்ல'ன்னு என் பொண்டாட்டி பெவ் சொல்லுவா.

— மோசமான ராத்திரின்னா?

— ...டீ ஆறுது, குடி.

— வீடுன்னதும் அம்மா வறுக்கற ஆட்டுக்கறி சாப்ஸ் ஞாபகம் வருது. மழை வந்தா எட்டரைக்கே எங்க ரேஸ் முடியும். சில நாள் மூணு தடவை திருப்பி ஓட விட்டுப் பதினொண்ணு ஆயிடும். தொட்டித் தண்ணில மூஞ்சியைக் கழுவிக்கிட்டு சைக்கிள்ல போவேன். எப்பப் போனாலும் சாப்ஸ் அப்பத்தான் சட்டியிலேர்ந்து இறங்கும். ஆறினதும் இல்ல, கருகினதும் இல்ல.

— குடுத்து வச்சவன். எனக்கு ரொட்டியும் ஜாமும்தான். பெவ் குறட்டை விட்டுட்டிருப்பா.

— பன்னெண்டு சீசன்யா! ஷிஃப்டு எப்ப முடியும்னு எனக்கே தெரியாது, அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் கேட்டேன். 'பசிக்கிறவன் வர நேரம் தெரியாதா?'ன்னுச்சு.

— சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

— சரி, பேச்சை மாத்தாத. எண்பத்தாறு.

— நானா மாத்தினேன்? நீதான் சாப்ஸுக்குப் போன.

— மாநிலப் பந்தயம். ரேஸுக்கு முன்னாடி மேல வந்து உங்கிட்ட என்ன கேட்டேன்?

— தெரியும்டா.

— 'இன்னிக்கு மட்டும் என் பேரைச் சொல்லிடு நெவ். அம்மாவுக்குக் கேட்டாலும் கேக்கட்டும், நான் சமாளிச்சுக்கறேன்'னேன். நீ என்ன பண்ணின?

— தலையாட்டினேன்.

— ஆட்டின. எங்க, அந்த ரேஸை இப்பச் சொல்லு பார்ப்போம்.

— இப்பவா? காலி மைதானத்துக்கா?

— லாரியில கெவ் பேத்தி இருக்காளே. சொல்லு.

— ...தொடக்கக் கயிறு எழும்புது! மெல்லர் முன்னாடி, மெல்லர் முன்னாடி, வெளிப்பக்கம் பாஸ்கோம், ட்ராஸ்க் மூணாவது! ட்ராஸ்க்குக்கு வழி இல்ல, சுத்திப் போக நேரமும் இல்ல...

— முப்பத்தாறு வருஷம் ஆச்சு, ஒரு வார்த்தை மாறலையே!

— ...ரெண்டாவது சுத்து! பாஸ்கோம் வழுக்கறான், ட்ராஸ்க் உள்ள நுழையறான், மண்ணு வேலி மேல கொட்டுது!

— அப்ப நான் சக்கரத்து மேல படுத்திருக்கேன். அதைச் சொல்லு.

— ...மூணாவது சுத்து! மெல்லரும் ட்ராஸ்க்கும் ஒட்டிக்கிட்டுப் போறாங்க, நடுவுல ஒரு தாள் போகாது!

— அங்க என் முழங்கை இருந்ததுய்யா.

— ...கடைசி வளைவு! ட்ராஸ்க், ட்ராஸ்க், ட்ராஸ்க்! கோட்டைத் தாண்டிட்டான்! ட்ராஸ்க் சாம்பியன்! ரெண்டு பேரும்...

— நிறுத்திட்டியே.

— மூச்சு வாங்குது. எழுபத்தொண்ணு எனக்கு.

— 'ரெண்டு பேரும் இருக்காங்க!' வண்டியிலேர்ந்து விழாத அந்த ரெண்டுல ஒருத்தன்தான்யா நான். இந்த வாரம் உன் கமெண்ட்ரி கேசட்டைப் போட்டு எண்ணினேன். ட்ராஸ்க் எட்டுத் தடவை. டாரல் நாஸ்கே, சுத்தமா இல்ல.

— அன்னிக்கு மைக்கை அணைச்சுட்டு, இதோ இந்த மூலையில திரும்பி நின்னு அழுதேன்டா.

— ட்ராஸ்க் ஜெயிச்சதுக்கா? கேட்டுக்கோ நெவ். நாளைக்கும் என் பேரு வரலைன்னா நான் வண்டியில ஏறமாட்டேன். கெவ் தனியாப் போய் முதல் வளைவுல கவிழட்டும்.

— அறுபத்திமூணு வயசுல அடம் பிடிக்கிற.

— இருபத்தேழுல பிடிச்சிருக்கணும். சரி, இதைச் சொல்லு. அந்த வரியை எப்ப ஆரம்பிச்ச?

— எந்த வரி?

— கிளப்ல டி-ஷர்ட்ல அச்சடிச்சு விக்கிறாங்களே. 'ரெண்டு பேரும் இருக்காங்க.'

— அதுவா... ரேடியோல ஒரு அமெரிக்காக்காரன் சொல்லுவான்.

— போன வருஷம் பத்திரிகைக்காரிகிட்ட பால்காரர் சொன்னதுன்ன.

— அவரும் சொல்லுவாரு.

— முதல் சீசன் கேசட்ல அது இல்ல. எண்பது பிப்ரவரி வரைக்கும் இல்ல. மார்ச்லேர்ந்து நாங்க ஓடின எல்லா ரேஸ்லயும் இருக்கு.

— எல்லாக் கேசட்டையுமா கேட்ட?

— செயலாளர்கிட்டேர்ந்து பெட்டியோட வாங்கிட்டுப் போனேன். தூக்கம் வரலை.

— அடக்கம் பண்ணின வாரத்துலயா? உன் பேரைத் தேடியா?

— மார்ச்சுக்கு அப்புறம் ஒரே ஒரு நாள் அந்த வரி இல்ல. எண்பத்திமூணு, ஜனவரி.

— ...லாரி நின்னுடுச்சு பாரு. தண்ணி தீர்ந்திருக்கும்.

— நெவ்.

— அந்தக் கேசட்டை நான் திரும்பிக் கேட்டதே இல்ல.

— நான் விழுந்த நாள். மூணு நிமிஷம் நீ பேசவே இல்ல. டேப்ல வெறும் இரைச்சல். உன் வாய் மூணு நிமிஷம் மூடியிருந்தது வாழ்க்கையில அன்னிக்கு மட்டும்தான்.

— சிரிக்காதடா.

— ...சரி.

— ரெண்டாவது வளைவு. தூசிக்குள்ள போனீங்க. வண்டி வெளியே வருது. ஒரு தலைதான் தெரியுது. மறுபடி எண்ணினேன். ஒண்ணுதான். அப்புறம் தூசி அடங்கினா, நீ வேலி ஓரமா மூட்டை மாதிரி கிடக்கற.

— விலா எலும்பு ரெண்டு, தோள் எலும்பு ஒண்ணு. அவ்வளவுதான்.

— இங்கேர்ந்து பார்த்தா எலும்பு தெரியுமா? ஆள் விழுந்தா அவனைப் பத்திப் பேசக்கூடாது, ஆனா பேச்சு நிக்கவும் கூடாது. இறைச்சித் தட்டுப் பரிசுக் குலுக்கல், சாவியைத் தொலைச்ச வெள்ளைக் கார், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு, இப்படி ஏதாவது சொல்லிட்டே இருக்கணும். நின்னா, ஆள் போயிட்டான்னு ஜனம் நினைச்சுக்கும். எனக்குத் தெரியாதா? குலுக்கல் சீட்டு கையில இருந்தது. நம்பரை வாசிக்க வரலைடா. மூவாயிரம் பேர் தடத்தைப் பார்க்கலை, குழாயைப் பார்த்துட்டு நிக்கறாங்க.

— இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்ல.

— என்னத்தைச் சொல்ல?

— அன்னிக்கு எனக்கும் ஒண்ணு புரியலை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது. கதவைத் திறந்தா, அம்மா. ஏப்ரனோட, வீட்டுச் செருப்போட. எங்களுக்கு முன்னாடியே வந்து நிக்குது.

— நீ என்ன சொன்ன?

— 'கொட்டகையில ஏணியிலேர்ந்து விழுந்துட்டேம்மா'ன்னேன்.

— ரேஸ் உடுப்போடயா?

— உடுப்போட. காது நிறைய செம்மண்ணோட. நர்ஸ் ஒரு தடவை என்னைப் பார்க்கறாங்க, ஒரு தடவை அம்மாவைப் பார்க்கறாங்க. அம்மா, 'அந்த ஏணியை மாத்தச் சொல்லணும்'னுச்சு. முடிஞ்சது. அதுக்கப்புறம் முப்பத்தொம்பது வருஷம், முதியோர் இல்லத்துல கூட, 'ஏணி எப்படிடா இருக்கு?'ன்னு கேக்கும். 'மாத்திட்டாங்கம்மா'ம்பேன்.

— அடப்பாவி.

— அம்மாவுக்கு போன் பண்ணினது யாரு? நீயா?

— யாரும் பண்ணலை.

— பின்ன எப்படி வந்தது? நெவ், அம்மாவை மண்ணுல வச்சாச்சு. இன்னும் யாருக்காக மறைக்கற?

— வாக்கு குடுத்திருக்கேன்டா.

— யாருக்கு?

— ...அந்த நாலாவது கம்பத்துக் குழாய். அது எதைப் பார்க்குது?

— தோட்டத்தை.

— தோட்டத்தைத் தாண்டி?

— கால்வாய். அப்புறம் கட்லர் தெரு... எங்க... எங்க வீட்டுக் கொல்லைப்புறம்.

— கமிட்டிக்காரங்க எத்தனையோ தடவை திருப்பச் சொன்னாங்க. நான் விடலை.

— சொல்லு நெவ்.

— எண்பது மார்ச், ஒரு திங்கக்கிழமை. உங்கம்மா கடைக்கு வந்தாங்க. கதவுக்கு ஒரு கொக்கி கேட்டாங்க. குடுத்தேன். போகலை. கடையில மத்தவங்க போற வரைக்கும் நின்னாங்க. அப்புறம், 'சனிக்கிழமை மைக்ல பேசறது நீங்கதானே? என் மகன் அதுல ஏறறான் இல்லையா?'ன்னாங்க.

— எண்பதுலயா? அப்பவே தெரியுமா?

— காதுல செம்மண்ணோட வந்து ஆரஞ்சு அடுக்கினேன்னு சொன்னா எந்த அம்மா நம்புவாங்க? நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே சொன்னாங்க. 'பேரை மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்டர் பெட்டிஃபர். சொன்னா தெருவுக்கே கேக்கும். அப்புறம் எனக்கும் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா நான் தடுக்கணும். தடுத்தா வேற ஊருக்குப் போய் ஏறுவான். எனக்குக் கேக்காத இடத்துல.' 'அப்ப நான் என்னதான்மா சொல்லட்டும்?'னேன். 'ரெண்டு பேரும் இருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்க, போதும்'ன்னாங்க.

— இந்தக் கப்பைக் கொஞ்சம் வாங்கிக்கோ...

— குடு. ...அந்த வரி அவங்களோடதுடா. உனக்கு மட்டும் சொன்னா சந்தேகம் வரும்னு ஜெயிக்கறவன் எல்லாருக்கும் சொல்ல ஆரம்பிச்சேன். இப்ப ஊரே அதை டி-ஷர்ட்ல போட்டுக்கிட்டுத் திரியுது.

— அப்ப எண்பத்திமூணுல...

— நான் சொல்லலை. அவங்க காத்திருக்கலை, ரெண்டு தெரு தள்ளியிருக்கற ஆஸ்பத்திரியைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த திங்கக்கிழமை கடைக்கு வந்தாங்க. 'நீங்க சும்மா இருந்துட்டீங்க'ன்னாங்க. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, 'நல்ல ஏணி ஏதாவது இருக்கா?'ன்னாங்க.

— அம்மாவா கேட்டுச்சு?

— சிரிச்சாங்கடா. நானும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டோம்.

— எண்பத்தாறுலயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— உன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்னிக்குத் தெக்குக் காத்து வேற. சொன்னா உனக்கு ஒரு ராத்திரி சந்தோஷம். அவங்க அத்தனை வருஷம் தெரியாத மாதிரி இருந்தது என்ன ஆகறது? அதுக்குத்தான் அழுதேன். ட்ராஸ்க்குக்காக அழ எனக்குப் பைத்தியமா?

— செவ்வாய்க்கிழமை சாண்ட்விச் சாப்பிடாம ஓடினது...

— உன் மூஞ்சியைப் பார்த்தா சொல்லிடுவேன். அவங்களை இறக்கி ஒரு மணி நேரம் கூட ஆகலை.

— கெழட்டுப் பயலே.

— அந்தப் பேனாவை எடு. 'கெவின் ட்ராஸ்க், டாரல் நாஸ்கே.' வேணும்னா உன் பேரையே முதல்ல போடறேன்.

— போடு. கெவ் கடுப்பாகட்டும்.

— அந்த வரி?

— அதையும் சொல்லு.

— குழாய்?

— திருப்பாத.

— சரி... இப்ப நீ உண்மையைச் சொல்லு. பேருக்காக ஒருத்தன் பன்னெண்டு சீசன் கேசட் கேக்கமாட்டான். நீ தேடினது அந்த வரியை. ஏன்டா?

— ...அம்மா போறதுக்கு முந்தின நாள். லோர்னா ஜன்னல்கிட்ட, நான் கட்டில்கிட்ட. ரெண்டு நாளா கண்ணே திறக்கலை. திடீர்னு, 'ரெண்டு பேரும் இருக்காங்களா?'ன்னுச்சு.

— ...

— எங்க ரெண்டு பேரைத்தான் கேக்குதுன்னு லோர்னா நினைச்சுக்கிட்டா. எனக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனா இந்த மைதானத்துல காலே வைக்காத அம்மாவாச்சே...

— நீ என்னடா சொன்ன?

— 'இருக்காங்கம்மா. ரெண்டு பேரும் இருக்காங்க'ன்னேன்.

— அப்புறம்?

— 'சரி, அப்ப அடுப்பைப் பத்த வைக்கிறேன்'னுச்சு.